அவிழ்த்துவிடும் முன்: ராமநாதபுரம் கடற்கரையில் ஓட்டக்கார நாய் வளர்ப்போருக்கு

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம், கோம்பை, இப்போது பலர் ஆசைப்பட்டு வாங்கும் பெல்ஜியன் மாலினாய், லாப்ரடார். இதில் எதை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாலும் சில வாரங்களிலேயே ஒன்று புரிந்திருக்கும். வாசலில் கட்டிப்போட்டுச் சோறு வைத்தால் அடங்குகிற நாய் இல்லை இது. செருப்பைக் குதறும், தென்னங்கன்றைத் தோண்டிப் போடும், ராத்திரி முழுக்கக் குரைக்கும், மதிலைத் தாண்டும். உடனே எல்லோருக்கும் தோன்றுகிற யோசனை: "பக்கத்திலேயே கடல் இருக்கு. கொண்டுபோய் அவிழ்த்துவிட்டால் ஓடிக் களைச்சிடும்."

அந்த யோசனையை நிறுத்தத்தான் இதை எழுதுகிறேன். இந்தப் பயிற்சியில் கடற்கரை கடைசிப் படி. அதற்கு முன் செய்யவேண்டியவை நிறைய இருக்கின்றன, அவற்றுக்கு ஒரு வரிசையும் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கன்னியைப் பழக்கியபோது முழுசாகச் சொல்லித்தர ஆளில்லை. கால்நடை மருத்துவரிடம் கொஞ்சம், ஆடு மேய்ப்பவர்களிடம் கொஞ்சம், மண்டபத்துக் கடல்தொழில் செய்பவர்களிடம் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டுத்தான் சேர்த்தேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. தடுப்பூசி முடியாமல் தெருவில் இறக்காதீர்கள்

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி தொடங்கும். பார்வோ, டிஸ்டெம்பர் இரண்டுக்கும் இதுதான் காப்பு. மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தவணையாகப் பதினாறு வாரம் வரை போடவேண்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி மூன்றாம் மாதத்தில், பிறகு மருத்துவர் சொல்லும் தேதியில் ஒரு ஊக்கத் தவணை, அப்புறம் வருடா வருடம். கடைசித் தவணை போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பொதுத்தரையில் நடக்கவிடுங்கள். பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். தெருநாய்கள் சுற்றும் கடற்கரை மணல் அதற்கு விலக்கில்லை.

தனியார் மருத்துவரிடம் கூட்டுத் தடுப்பூசி ஒரு தவணைக்கு எழுநூறு முதல் ஆயிரம் ரூபாய் வரை ஆகலாம். வெறிநாய்த் தடுப்பூசி அதைவிட மிகக் குறைவு. செப்டம்பர் 28, உலக வெறிநோய் தினம். அதையொட்டி நடக்கும் இலவச முகாம்களைக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். எலிக்காய்ச்சல் காப்பும் சேர்ந்த ஊசியா என்று கேட்டுப் போடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் தெருவெல்லாம் தேங்கும் தண்ணீரை நாய் நக்காமல் இருக்காது.

எல்லாத் தவணையையும் ஒரே அட்டையில், தேதியும் மருந்துக் குப்பியின் ஒட்டுத்தாளும் மருத்துவர் கையெழுத்துமாக வாங்குங்கள். வெறும் தேதி மட்டும் எழுதிய அட்டை பின்னால் எதற்கும் உதவாது. நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் வளர்ப்பு நாய் உரிமம் பற்றி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். போகும்போதே தடுப்பூசி அட்டை நகல், ஆதார் நகல், நாயின் படம் மூன்றையும் எடுத்துப் போனால் இரண்டு நடை அலையவேண்டாம். அட்டையைக் கைபேசியிலும் படமெடுத்து வையுங்கள். நாய் யாரையாவது கீறிவிட்டால் முதலில் கேட்கப்படுவது அதுதான்.

2. பட்டையும் கயிறும்

சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் தலை ஒடுங்கியது, கழுத்து தடிமன். சாதாரண காலரைப் பின்னுக்கு இழுத்தால் ஒரே நொடியில் நழுவிவிடும். இந்த இனங்கள் காணாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான். இழுத்தால் கொஞ்சம் இறுகி, விட்டால் தளர்கிற அகலமான பட்டையாகப் பாருங்கள். நெஞ்சைச் சுற்றும் பட்டையும் ஒன்று வேண்டும். அகலப்பட்டை முந்நூறு ஐந்நூறு ரூபாய்க்கும், நெஞ்சுப்பட்டை ஐந்நூறிலிருந்து ஆயிரத்துக்குள்ளும் கிடைக்கும். கைபேசி எண் பொறித்த சிறு தகடு ஒன்றையும் மாட்டிவிடுங்கள்.

அடுத்தது பத்து மீட்டர் நீளக் கயிறு. செல்லப்பிராணிக் கடைக்குப் போகவேண்டாம். வலை, கயிறு விற்கும் கடல் சாமான் கடையில் எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு வாங்குங்கள், பாதி விலைகூட ஆகாது, உப்புத்தண்ணீரில் மக்காது. ஒரு நுனியில் நல்ல துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி. இரும்புக் கொக்கி இந்தக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்து ஒருநாள் கையோடு வந்துவிடும். நீளக்கயிற்றை நெஞ்சுப்பட்டையில்தான் மாட்டவேண்டும், கழுத்தில் மாட்டக்கூடாது. ஓடுகிற வேகத்தில் கயிறு முடிந்தால் கழுத்தெலும்பு தாங்காது. கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள், விரல் அறுந்துபோகும்.

3. வயதும் இனமும்

ஒரு வயது ஆகும்வரை எலும்பு முற்றாது. பெரிய உடம்புள்ள இனங்களுக்கு ஒன்றரை வயதுகூட ஆகும். அதுவரை பைக்குக்குப் பின்னால் ஓட்டுவது, திரும்பத் திரும்பக் குதிக்கவைப்பது இரண்டும் கூடாது. தானாக விளையாடி ஓடுவது வேறு, நாம் ஓட்டுவது வேறு.

சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்துகிற இனம். முழு வேகத்தில் சில நிமிடம் ஓடும், பிறகு நிழலில் படுத்துவிடும். மணிக்கணக்கில் ஓட்டத் தேவையில்லை. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று பாய்ச்சலும் ஒரு மணி நேரத் தளர்வான நடையும் போதும். மாலினாய்க்கு ஓட்டத்தைவிட மூளைக்கு வேலை முக்கியம், தினமும் ஏதாவது புதிதாகக் கேட்கும். லாப்ரடாருக்கு எதையாவது வீசி எடுத்துவரச் சொன்னால் சந்தோஷம், தண்ணீரும் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் சூடேறிவிடும். ராஜபாளையத்துக்கு எல்லை சுற்றுவதுதான் ஆறுதல். ஒரே வேலி ஓரமாகத் தினமும் நடத்திப் பாருங்கள், தெரியும்.

4. கூப்பிட்டால் வரவேண்டும்

இந்தப் படிக்குத்தான் அதிகக் காலம் பிடிக்கும். மாதங்கள் ஆகும், அவசரப்படவே கூடாது.

முதலில் விசில் பழக்குங்கள். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் கரையில் நின்று எவ்வளவு கத்தினாலும் ஐம்பது அடி தாண்டாது. விசில் சத்தம் காற்றைக் கிழித்துப் போகும். நம் கோபமும் பதற்றமும் அதில் ஏறாது என்பது இன்னொரு நன்மை. இரண்டு குட்டை ஊதல் என்றால் "வா". வேறு எதற்கும் அதை ஊதக்கூடாது.

வீட்டுக்குள் ஆரம்பியுங்கள். ஊதுங்கள், வந்ததும் தீனி. அது நாய்க்கு உயிராக இருக்கவேண்டும், பிஸ்கட் எல்லாம் போதாது. நம் ஊரில் நெத்திலிக்கு என்ன குறை? பச்சை நெத்திலியை உப்பில்லாமல் வேகவைத்து, வெறும் சட்டியில் ஈரம் போக வாட்டி டப்பாவில் அடையுங்கள். கருவாடு கொடுக்காதீர்கள், உப்பு நாய்க்கு ஆகாது. வேகவைத்த கோழி ஈரலும் நல்லது. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று தடவை. நாய்க்குச் சலிப்பதற்கு முன் நீங்கள் நிறுத்திவிடவேண்டும்.

வீட்டுக்குள் பத்துக்குப் பத்து வந்தால் மொட்டைமாடி. அப்புறம் ஆளில்லாத தெரு. அப்புறம் நீளக்கயிற்றோடு தோப்பு. ஒவ்வொரு இடத்திலும் முதலிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் வருகிற நாய் தோப்பில் வராது, அதற்கு அது வேறு உலகம்.

எல்லோரும் விழுகிற குழி இங்கேதான். விளையாட்டை முடிக்க மட்டும் நாயைக் கூப்பிடுவார்கள். விசில் ஊதினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்று அது கற்றுக்கொள்ளும், அப்புறம் எட்ட நின்று வேடிக்கை பார்க்கும். பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தீனி கொடுத்து மறுபடி விட்டுவிடுங்கள். வந்த நாயை எக்காரணம் கொண்டும் அடிக்காதீர்கள், அரை மணி நேரம் அலையவிட்டு வந்திருந்தாலும் சரி. வராவிட்டால் அதை நோக்கி ஓடாதீர்கள். முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் ஓடுங்கள், தானே பின்னால் வரும்.

அடுத்து ஆடு. இதைப் பழக்காமல் இந்த மாவட்டத்தில் எந்த நாயையும் வெளியே கொண்டுபோக முடியாது. மந்தை தெரிகிற, ஆனால் நாய் துள்ளாத தூரத்தில் கயிற்றோடு நில்லுங்கள். அது ஆட்டைப் பார்த்துவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கிற அந்த நொடியில் தீனி. அவ்வளவுதான் பாடம். வாரக்கணக்கில் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம். ஒரு நல்ல ஆட்டின் விலை பத்தாயிரத்தைத் தொடும், பணத்தைவிட ஊரில் வருகிற பகை பெரிது. ஆடு வளர்த்துப் பிழைப்பவரின் கோபம் நியாயமானது.

சில சிப்பிப்பாறை, கன்னிகளுக்கு எவ்வளவு பழக்கினாலும் ஓடுகிற எதையும் துரத்துவது நிற்காது. அது நாயின் குற்றமில்லை, அதன் பிறப்பு அப்படி. அப்படிப்பட்ட நாய் ஆயுள் முழுக்க நீளக்கயிற்றிலும் வேலிக்குள்ளும் மட்டும் ஓடட்டும். அதிலும் அது நிறைவாக வாழும்.

5. ஓடவிட இடம்

நல்ல வேலி போட்ட தென்னந்தோப்பு முதல் தேர்வு. உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கம் நிறைய உண்டு. உரிமையாளரிடம் நேரில் போய்க் கேளுங்கள், விடிகாலை ஒரு மணி நேரம் போதும் என்று சொல்லுங்கள். மாதம் ஒரு தொகை பேசிக்கொள்வது நல்லது. சும்மா விடுகிறேன் என்றால்கூட ஏதாவது கொடுங்கள், அப்போதுதான் தொடர்ந்து போக முடியும். போவதற்கு முன் ஒருமுறை நீங்கள் தனியாக வேலியைச் சுற்றி வாருங்கள். ஓட்டை எங்கே, மேல்சுவர் இல்லாத கிணறு எங்கே என்று பார்க்கவேண்டும்.

கோடையில் வற்றிய கண்மாய் அருமையான ஓட்டக்களம், தரை மெத்தென்று இருக்கும். ஆனால் அறுவடை முடிந்ததும் சுற்றுவயல்களில் ஆட்டுக்கிடை போடுவார்கள். கிடை இருக்கிற காலத்தில் அந்தப் பக்கமே வேண்டாம். சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல், சித்திரங்குடி போன்ற கண்மாய்கள் பறவைகள் சரணாலயங்கள், அங்கே எந்த மாதத்திலும் நாய் கூடாது. உப்பளத்தையும் தவிருங்கள், பாத்திச் சேறு பாதத்தைப் புண்ணாக்கிவிடும்.

கருவைக் காட்டு ஓரத்தில் ஓடவிட்டால் சீமைக்கருவேல முள் உறுதி. தினமும் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்துப் பாருங்கள். உள்ளே ஒடிந்த முள் சீழ் வைத்து வாரக்கணக்கில் நொண்டவைக்கும். வெப்பம் தணிந்த பொழுதில் அங்கே சுருட்டைவிரியனும் வெளியே வரும்.

முயல் வேட்டைக்கு வா என்று யாராவது அழைத்தால் போகாதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். நாய் தானாகத் துரத்தியது என்ற பேச்சு வனத்துறையிடம் எடுபடாது. நாயை அசட்டையாக விட்டு மனிதருக்கு ஆபத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

6. வெளியே போக முடியாத நாளில்

அடைமழை நாளும் அனல் நாளும் நமக்கு நிறைய. அதற்காக அன்று முழுக்கக் கட்டியே போடவேண்டாம். எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாய்க்குப் போதிய நடமாட்டம் கொடுக்காமல் விடுவதை 1960 பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு வதை என்றே சொல்கிறது.

ஆறடிச் சவுக்குக் கம்பில் கயிறு கட்டி, நுனியில் பழைய துணியை முடியுங்கள். தரையோடு தரையாகப் பெரிய வட்டமாக இழுத்தால் கொல்லைக்குள்ளேயே ஐந்து நிமிடத்தில் நாய் முழுப் பாய்ச்சலும் பாய்ந்துவிடும். மேலே தூக்கிக் குதிக்கவிடாதீர்கள், முட்டி போய்விடும். நடுநடுவே "விடு" சொல்லித் துணியை விடவைத்து, உட்காரவைத்து, மறுபடி தொடங்குங்கள். வெறி ஏறிய நேரத்திலும் சொல் கேட்பது இப்படித்தான் படியும்.

மூக்குக்கும் வேலை கொடுங்கள். காய்ந்த பனையோலைக் குவியலுக்குள் நான்கைந்து நெத்திலியை ஒளித்துத் தேடவிடுங்கள். கால் மணி நேரம் மூக்கால் தேடிய நாய் நன்றாகத் தூங்கும். இன்னொரு பயிற்சி, சும்மா இருப்பது. ஒரு பழைய சாக்கை விரித்து அதில் படுத்திருந்தால் தீனி. பத்து நொடியிலிருந்து ஆரம்பித்து மெல்ல நீட்டுங்கள். ஓட்டம் மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நாய்க்கு மூச்சுப் பலம்தான் கூடும், அமைதி வராது.

7. நேரம்

விடிகாலை ஐந்திலிருந்து ஆறரை. வேறு நேரம் சிபாரிசு செய்யமாட்டேன். சாயங்காலம் மணல் குளிர ஏழு மணிகூட ஆகும். புறங்கையை மணலில் ஏழு நொடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்துக்கும் முடியாது.

வெயிலை எல்லோரும் பார்ப்பார்கள், புழுக்கத்தை மறந்துவிடுவார்கள். நாய் வாயால் இளைத்துத்தான் சூட்டை இறக்குகிறது. காற்று நின்று ஈரம் கனக்கிற நாளில் நாக்கின் ஈரம் ஆவியாகாது, மேகமூட்டமாக இருந்தாலும் உடம்பு கொதிக்கும். இலை அசையாத நாளில் நடை மட்டும் போதும்.

சாப்பாட்டுக்குப் பின் இரண்டு மணி நேரம் ஓட்டம் வேண்டாம். நெஞ்சு ஆழமான இனங்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு, அது சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும்.

8. இப்போது கடற்கரை

எந்தக் கடல் என்று முதலில் முடிவு செய்யுங்கள். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை கச்சான் அடிக்கும்போது தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் அலை முரடாக இருக்கும், பறக்கிற மணல் கண்ணில் அடிக்கும். அப்போது வடகடல் (பாக் விரிகுடா) பக்கம் அமைதி. வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை மாறிவிடும், வடகடல் கொந்தளிக்கும். நீச்சல் பழக்குவது அமைதியான பக்கத்தில், முழங்கால் ஆழத்தில், நெஞ்சுப்பட்டையும் நீளக்கயிறும் மாட்டி. வடகடலில் கடல்பாசி வளர்க்கும் மூங்கில் மிதவைகள் கட்டியிருப்பார்கள். அதன் கயிற்றில் நாய் சிக்கினால் மீட்பது சிரமம், பாசியும் பாழ்.

கரை ஒரு வேலையிடம் என்பதை மறக்கவே கூடாது. வலை காய்கிறது, கருவாடு காய்கிறது, பெண்கள் உட்கார்ந்து மீன் ஆய்கிறார்கள். அங்கே நாய் கால் வைத்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய வருமானம் போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் துறைகளில் பராமரிப்பு வேலை நடக்கும், ஆணியும் இரும்புத் துண்டும் மணலில் கிடக்கும். படகுத்துறையிலிருந்து நன்றாக விலகிப் போங்கள்.

நாயைக் கொல்லக்கூடிய ஒன்று கரையில் சாதாரணமாகக் கிடக்கும். பேத்தை மீன். வலையில் வந்ததை விற்கமுடியாது என்று மணலில் எறிந்திருப்பார்கள். அதன் ஈரலிலும் முட்டையிலும் தோலிலும் கடுமையான நஞ்சு இருக்கும், காய்ந்தாலும் போகாது, முறிவு மருந்தும் கிடையாது. நாய் கடித்தால் வாய் ஒழுகி, கால் தள்ளாடி, மூச்சு நிற்கும். ஆகவே "விடு" என்ற சொல்லை வீட்டிலேயே கல்லாகப் பதியவையுங்கள். கரையில் எதை மோந்தாலும் அந்தச் சொல்லுக்கு விலகவேண்டும். நம்பிக்கை வரும்வரை வாய்க்கூடு மாட்டிக் கொண்டுபோங்கள், நாய் இளைக்க வசதியான கூடை மாதிரி. திருக்கை முள், கெளுத்தி முள், அறுந்த தூண்டில், சொறி (ஜெல்லிமீன்) இவையும் கண்ணில் படும். கரை ஒதுங்கிய சொறியைக்கூடத் தொடவிடாதீர்கள்.

குடிக்க நல்ல தண்ணீர் இரண்டு லிட்டராவது எடுத்துப் போங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கொடுங்கள். தாகத்தில் கடல்நீரைக் குடித்தால் வாந்தி பேதி, அளவு மீறினால் வலிப்பு.

மார்கழியிலிருந்து சித்திரை வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும். அந்த மாதங்களில் இருட்டில் நாயோடு கடற்கரைக்குப் போகவேண்டாம். ஒரு நாய் ஒரு குழியைத் தோண்டினால் நூறு முட்டைக்கு மேல் போய்விடும். தனுஷ்கோடிப் பக்கம் பூநாரைகள் இறங்கும் நீர்ப்பரப்புகளை 2025இல் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள், அங்கே எப்போதும் நாயை இறக்காதீர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்கா. படகில் நாயை ஏற்றிக்கொண்டு தீவுப்பக்கம் போகும் எண்ணமே வேண்டாம்.

9. வீடு திரும்பியதும்

உப்பு உடம்பில் காய்ந்தால் அரிப்பு, சொறிந்து சொறிந்துப் புண். நல்ல தண்ணீரைக் குடம் கணக்கில் காசு கொடுத்து வாங்குகிற ஊர்களில் இருப்பவர்கள் போர் தண்ணீரில் மணலும் கடலுப்பும் போக அலசிவிட்டு, கடைசி இரண்டு மக்கு மட்டும் நல்ல தண்ணீர் ஊற்றினால் போதும். காதை உலர்ந்த துணியால் துடையுங்கள். காதுமடல், விரலிடுக்கு, வாலடி மூன்றிலும் உண்ணி பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் வந்தால் ரத்தம் குறைந்து சுறுசுறுப்பான நாயும் சுருண்டுவிடும். உண்ணி மாத்திரை எடைக்குத் தகுந்த விலை, பெரிய நாய்க்கு ஆயிரத்தைத் தாண்டும். ஒரு மாதம் கேட்பதும் உண்டு, மூன்று மாதம் கேட்பதும் உண்டு, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

10. பயிற்சியாளர் வைத்தால்

உங்கள் கண்முன், உங்கள் வீட்டில், உங்களுக்கும் சேர்த்துச் சொல்லித்தருபவராகப் பாருங்கள். "ஒரு மாசம் எங்கிட்ட விடுங்க, பழக்கித் தர்றேன்" என்பவரிடம் நான் விடமாட்டேன். அவருக்குக் கட்டுப்படுகிற நாய் உங்களுக்குக் கட்டுப்படாது. முள்பட்டை, அடி, பட்டினி இவற்றில் ஒன்றைச் சொன்னாலே எழுந்து வந்துவிடுங்கள். முழுப்பணத்தையும் முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.

11. அவசரத்துக்கு

அருகிலுள்ள கால்நடை மருத்துவர்கள் இருவரின் எண்ணை இன்றே வாங்கி வையுங்கள், அதில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை பார்ப்பவராக இருக்கட்டும். 1962 என்ற கால்நடை அவசர எண்ணும் இருக்கட்டும்.

நாய் தள்ளாடி, ஈறு செக்கச்சிவந்து, இளைப்பு அடங்காமல் இருந்தால் சூட்டு மயக்கம். நாயின் இயல்பான உடல்சூடு 38 முதல் 39 டிகிரி, 41ஐத் தொட்டால் உயிராபத்து. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். குடிக்கிற தண்ணீர் இல்லாவிட்டால் கடல்தண்ணீரையே உடம்பில் ஊற்றலாம். முதலில் குளிர்விப்பது, பிறகு வண்டி. ஈரத்துணியைப் போர்த்தி வைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கும்.

பாம்பு கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்கவிடாதீர்கள், தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உங்கள் நாயைத் தெருநாய் கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி அட்டையோடு மருத்துவரைப் பாருங்கள். சண்டையை விலக்கும்போது உங்கள் கையிலும் பல் பட்டிருந்தால் அதே பதினைந்து நிமிடக் கழுவல் உங்களுக்கும் உண்டு, நேராக அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். அங்கே அது இலவசம், எல்லாத் தவணையும் தவறாமல் போடவேண்டும்.